கறுப்பும் வெள்ளையும் போதுமா? அச்சோவியம் கற்றுத் தரும் எளிமை



இந்த மாதப் பாடம் ஓவியத்தைப் பற்றியது. அதுவும் வண்ணமே இல்லாத ஓவியம். "அதுல என்ன இருக்கு, வெறும் கறுப்பு வெள்ளைதானே?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். தைப்பூசம் நெருங்கும்போது செலாயாங்கிலிருந்து பத்துமலை வரைக்கும் சாலையோரப் பதாகைகளைக் கவனித்துப் பாருங்க. ஒரே பதாகையில் முருகன், மயில், கோபுரம், நாலைந்து பிரமுகர்களின் முகம், ஆதரவு தந்த கடைகளின் சின்னம், ஐந்து வகை எழுத்து, பத்து நிறம். மோட்டாரில் போகிறவருக்கு அதைப் பார்க்க மூன்று விநாடிதான் கிடைக்கும். அந்த மூன்று விநாடியில் அவர் மனதில் என்ன நிற்கும்? பெரும்பாலும் ஒன்றும் நிற்காது. எல்லாவற்றையும் சொல்ல நினைத்ததால் எதுவுமே போய்ச் சேரவில்லை.

இந்தப் பாடத்தில் மூன்று விஷயம் பார்ப்போம். அச்சோவியம் என்றால் என்ன, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எப்படி ரசிப்பது, அதில் நமக்கு என்ன வேலை இருக்கிறது.

1. அச்சோவியம் என்றால் என்ன?

ஒரு மரப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு படத்தை வரைந்து, எந்த இடம் வெள்ளையாக வர வேண்டுமோ அந்த இடத்தை உளியால் செதுக்கி எடுத்துவிடுங்கள். மீதி மேடாக நிற்கும். உருளையால் மை தடவினால் மேட்டில் மட்டும் மை ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. மேலே தாளை வைத்து அழுத்தித் தேய்த்து எடுத்தால் படம் தாளுக்கு வந்துவிடும், இடம் வலமாகத் திரும்பி. ரப்பர் முத்திரை வேலை செய்வதும் இதே முறையில்தான்.

மரத்துக்குப் பதில் லினோலியத்தில் செதுக்கினால் அது லினோ அச்சு. லினோலியம் 1860-களில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் வால்டன் என்பவர் உருவாக்கிய தரைவிரிப்பு. ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கலந்து சணல் துணியில் படிய வைத்துச் செய்தது. தரையில் மிதிபட வந்த பொருள், மரத்தைவிட மென்மையாகச் செதுக்க வருகிறது, விலையும் குறைவு என்பதால் கலைஞர்கள் கைக்குப் போனது.

இந்தக் கலைக்கும் அறத்துக்கும் பழைய உறவு உண்டு. அச்சிட்ட தேதி தெளிவாகக் குறிக்கப்பட்டு இன்றும் கிடைக்கும் நூல்களில் மிகப் பழையது, கி.பி. 868-இல் சீனாவில் மரப்பலகை கொண்டு அச்சிடப்பட்ட வஜ்ர சூத்திரம் என்ற பௌத்த நூல். அதன் தொடக்கத்தில் புத்தர் உபதேசம் செய்யும் கறுப்பு மைப் படம் ஒன்று இருக்கிறது. ஒருவர் தம் தாய் தந்தையின் பெயரால், எல்லாருக்கும் இலவசமாகக் கொடுப்பதற்காக அதை அச்சிட்டார் என்று நூலின் முடிவிலேயே குறிப்பு உண்டு. அச்சு என்பதே பலருக்குக் கொடுப்பதற்காக வந்த தொழில்நுட்பம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2. ஒரு படத்தைப் பார்க்கும் பயிற்சி

இப்போது ஒரு படம். நந்தலால் போஸ் 1930-இல் செய்த 'பாபுஜி' என்ற லினோ அச்சு. பார்த்ததில்லை என்றால் கைப்பேசியில் தேடிப் பாருங்க. பார்த்தவுடன், "அட, இதுவா!" என்பீர்கள். நடந்து போகும் காந்தி. கையில் நீண்ட கோல். அவ்வளவுதான்.

நந்தலால் 1882-இல் பிறந்தவர். தாகூர் 1919-இல் சாந்திநிகேதனில் தொடங்கிய கலாபவனத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர். பிற்காலத்தில் இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதிக்கு ஓவிய அலங்காரம் செய்த குழுவுக்கும் அவரே தலைவர். வண்ணம் தெரியாதவர் அல்ல. அஜந்தா ஓவியங்களை நேரில் உட்கார்ந்து படியெடுத்த கை அது. அப்படிப்பட்டவர் ஏன் இந்தப் படத்தில் ஒரே ஒரு மையோடு நின்றுவிட்டார்?

நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1930 மார்ச் 12 அன்று காந்தி சபர்மதி ஆசிரமத்திலிருந்து கிளம்பினார். வயது 60. சுமார் 385 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 6 அன்று தண்டிக் கடற்கரையில் உப்பை எடுத்துச் சட்டத்தை மீறினார். அதே ஏப்ரல் மாதம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். தண்டிப் பயணத்தில் எத்தனையோ காட்சிகள் இருந்தன: கூட வந்த தொண்டர்கள், வழியில் திரண்ட கிராமங்கள், கடல், உப்பளம், போலீஸ், வெளிநாட்டு நிருபர்கள். ஓவியருக்கு விருந்து மாதிரி. நந்தலால் அத்தனையையும் விட்டுவிட்டார். ஒரு மனிதர், ஒரு கோல், ஒரு நடை.

இப்போது மூன்று கேள்விகளோடு படத்தை மறுபடி பாருங்க.

முதல் கேள்வி: இதில் என்ன இல்லை? கூட்டம் இல்லை. கடல் இல்லை. எதிரியும் இல்லை. அதனால் நம் கண் போவதற்கு வேறு இடமே இல்லை. அந்த நடையில்தான் போய் நிற்கிறது.

இரண்டாவது: கோடு எங்கே தடிப்பு, எங்கே மெலிவு? உளியால் செதுக்கிய கோட்டில் கையின் வேகம் தெரியும். பென்சில் கோட்டை மாதிரி அழித்துத் திருத்த முடியாது. ஒவ்வொரு கோடும் முடிவெடுத்துப் போட்ட கோடு.

மூன்றாவது: வெற்றிடம் என்ன வேலை செய்கிறது? கோடு போடாமல் விட்ட இடத்தையும் நம் மனசு நிரப்பிக்கொள்கிறது. தோல், துணி, வெயில் எதையும் அவர் வரையவில்லை, நாமே போட்டுக்கொள்கிறோம். பாதிப் படத்தை வரைபவர் முடிக்கிறார், மீதியைப் பார்ப்பவர்.

இது நமக்குப் புதிய அனுபவம் இல்லை. கோயில் கருவறையை நினைத்துப் பாருங்கள். கருங்கல் மூலவர், இருட்டு. கற்பூரத் தீபம் காட்டும்போது நெற்றி, மூக்கு நுனி, தோள், அபய கரம் என்று சில இடங்களில் மட்டும் வெளிச்சம் படுகிறது. மற்றதெல்லாம் இருட்டுதான். ஆனால் அந்த ஒரு நொடியில் முழு மூர்த்தியையும் பார்த்துவிட்டோம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். வாசலில் பாட்டி போடும் மாக்கோலமும் அப்படித்தான். ஈரத் தரையின் கறுமை, அரிசி மாவின் வெள்ளை, இரண்டே இரண்டு. தீபாவளிக்குப் பேரங்காடிகளில் போடும் வண்ண அரிசிக் கோலம் அழகுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வண்ணம் இல்லாத சிக்குக் கோலத்தில் ஒரு வளைவு தப்பினாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். அங்கே மறைந்துகொள்ள இடம் கிடையாது.

3. அப்படியானால் வண்ணம் தப்பா?

இல்லீங்க. நம் பூஜை அறைகளைப் பாருங்க. தாமரையில் நிற்கும் லட்சுமி, வீணையோடு சரஸ்வதி. இந்தப் பாணிக்கு முக்கியமான ஊற்று ரவிவர்மா (1848–1906). அவர் 1894-இல் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கி, தம் ஓவியங்களைப் பல நிறக் கல்லச்சில் பதிப்பித்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒரு படத்துக்கு அத்தனை முறை அச்சு ஏற வேண்டும். அந்தப் படங்கள் விலைக்கு வந்ததால், கோயிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டவர்களின் வீட்டுக்குள்ளும் சாமி படம் வந்தது. அச்சுக்கலை செய்த பெரிய காரியம் அது.

ஆகவே ரவிவர்மாவும் நந்தலாலும் எதிரெதிர்க் கட்சி அல்ல. இருவருக்கும் நோக்கம் பலரிடம் போய்ச் சேர்வது. ரவிவர்மா வழிக்கு அச்சகமும் இயந்திரமும் முதலீடும் வேண்டும். லினோ வழிக்கு ஒரு துண்டு லினோவும் உளியும் மையும் இருந்தால் போதும். அதே 1930-இல் தாகூரின் 'சகஜ் பாட்' என்ற வங்காள எழுத்தறிவுப் பாடநூல் வெளிவந்தது. அதற்கு நந்தலால் செய்த படங்களும் கறுப்பு வெள்ளை அச்சோவியங்களே. காந்தியின் உருவத்துக்கும் குழந்தையின் முதல் பாடத்துக்கும் அவர் ஒரே மொழியைப் பயன்படுத்தினார். எளிமை என்றால் யாருக்கும் எட்டுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழ் ஓவியர்களில் க.மு. ஆதிமூலத்தைத் (1938–2008) தேடிப் பாருங்கள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். அவர் செய்தது அச்சோவியம் அல்ல, பேனாவும் மையும் கொண்டு வரைந்த கோட்டோவியம். அவரும் காந்தியைக் கறுப்பு வெள்ளையில் வரிசையாக வரைந்திருக்கிறார். நந்தலாலின் காந்தியையும் ஆதிமூலத்தின் காந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. நந்தலாலிடம் கோடு குறைவு. ஆதிமூலத்திடம் நரம்பு மாதிரி நிறையக் கோடுகள் ஓடும். இரண்டிலும் நிறம் ஒன்றுதான். எளிமை என்றால் கோட்டை எண்ணிப் பார்ப்பது இல்லை, தேவையில்லாத கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே.

4. பொறியியல் படிக்கிறவனின் கண்ணில்

நான் படிப்பது பொறியியல் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. நீளம் அகலம் இரண்டிலும் 1000 புள்ளி கொண்ட ஒரு படம். முழு வண்ணத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் தேவை. மொத்தம் 30 லட்சம் பைட். அதையே கறுப்பு அல்லது வெள்ளை என்று மட்டும் வைத்தால் புள்ளிக்கு ஒரு பிட். மொத்தம் 1 லட்சத்து 25 ஆயிரம் பைட். 24-இல் ஒரு பங்கு. இவ்வளவு தகவலைத் தூக்கிப் போட்ட பிறகும் அம்மாவின் முகம் அம்மாவின் முகமாகவே தெரியும் என்றால், அடையாளம் நிறத்தில் இல்லை, வடிவத்தில்தான் பெரும்பங்கு இருக்கிறது என்று அர்த்தம். கடையில் காசு கட்ட நாம் ஸ்கேன் செய்யும் கட்டக் குறியீடு பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் இருப்பதற்கும் காரணம் இதுதான். வெளிச்சம் குறைந்தாலும் தாள் கசங்கினாலும் கேமராவுக்குக் குழப்பம் வரக்கூடாது.

"அப்படின்னா போனில் ஒரு ஃபில்டர் போட்டா போதுமே அண்ணா?" என்று கேட்பீர்கள். போட்டுப் பாருங்க. மென்பொருளின் எளிய முறை என்ன செய்கிறது? ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரை அளந்து, நடுவில் ஒரு கோட்டைக் கிழித்து, மேலே இருந்தால் வெள்ளை, கீழே இருந்தால் கறுப்பு என்று பிரிக்கிறது. அதற்குக் கண்ணும் சட்டைப் பொத்தானும் ஒன்றுதான். செதுக்குகிறவருக்கு அப்படி இல்லை. எது முக்கியம் என்று அவருக்குத் தெரியும். பொத்தானை விட்டுவிட்டுக் கண்ணைக் காப்பாற்றுவார். அந்தத் தேர்வைத்தான் நாம் கலை என்கிறோம்.

பதஞ்சலி முனிவர் யமம் என்று ஐந்து ஒழுக்கங்களைச் சொல்கிறார்: அகிம்சை, சத்தியம், அஸ்தேயம், பிரம்மசரியம், அபரிகிரகம். கடைசியாக உள்ள அபரிகிரகம் என்பதற்குத் தேவைக்கு மேல் சேர்த்து வைக்காமை என்று பொருள். காந்தி ஆசிரம விரதங்களில் இதையும் சேர்த்தார். தேவைக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாத ஒருவரை, தேவைக்கு மேல் ஒரு கோடுகூட இல்லாமல் காட்டியிருக்கிறார் நந்தலால். சொல்லும் விஷயமும் சொல்லும் முறையும் ஒன்றாகிவிட்ட படம் அது.

5. எளிய படத்துக்கு இருக்கும் பலம்

எளிமை என்றால் சாதுவானது, யாரையும் தொந்தரவு செய்யாதது என்று நினைக்க வேண்டாம்.

1943-இல் வங்காளத்தில் கொடும் பஞ்சம். இறந்தவர்கள் 30 லட்சம் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். சித்தபிரசாத் (1915–1978) என்ற இளைஞர் மிட்னாப்பூர் மாவட்டக் கிராமங்களில் சுற்றி, கண்ணில் பட்டதை மையால் வரைந்து, எழுத்தும் சேர்த்து 'பசித்த வங்காளம்' என்ற பொருளில் ஒரு சிறு நூல் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் அரசு அதைப் பறிமுதல் செய்து எரித்துவிட்டது. எலும்பும் தோலுமான ஓர் உடலைக் கறுப்புக் கோட்டில் பார்த்தால் வேறு பக்கம் திரும்ப முடியாது, அதுதான் காரணம். பிற்காலத்தில் அவர் லினோ அச்சிலேயே உழைக்கும் குழந்தைகளைப் பற்றி ஒரு வரிசை செய்தார்.

நம் நாட்டுக்கு வருவோம். சபாவில் கினபாலு மலையடிவாரத்து ரானாவ் பகுதியில் 2010-இல் சில இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய குழு பங்ரோக் சுலாப். 'சுலாப்' என்றால் விவசாயிகள் இளைப்பாறும் குடிசை. 'பங்ரோக்' என்பது பங்க் ராக் என்ற இசையின் பெயரை ஊர்வழக்கில் சொல்வது. 'வாங்காதே, நீயே செய்' என்பது இவர்களின் முழக்கம். பெரிய மரப்பலகையில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து செதுக்குவார்கள். விலையுயர்ந்த அச்சு இயந்திரம் தேவையில்லை. மை பூசிய பலகை மேல் துணியை விரித்து, பாட்டுக்கு ஏற்ப அதன் மேல் ஏறி ஆடுவார்கள். காலின் எடைதான் அழுத்தம்! கிராம வாழ்க்கை, காடு, நில உரிமை எல்லாம் கறுப்பு வெள்ளையில் வரும். 2017-இல் கோலாலம்பூரில் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்ட இவர்களின் 'சபா தானா ஆயெர்கு' என்ற படைப்பு, புகார் ஒன்றுக்குப் பிறகு அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த ஆசிய பசிபிக் கலைக் கண்காட்சியில் இந்தக் குழு பங்கேற்றது. ஒரே ஒரு நிறம் கொண்ட பலகைப் படம் இவ்வளவு தூரம் போகும், இவ்வளவு பேரைப் பேசவும் வைக்கும்.

6. நமக்கு என்ன வேலை?

இங்கேதான் நான் கேட்க நினைத்த கேள்வி வருகிறது. நம் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டங்களை நாம் எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்? லயத்து வீடு, விடிகாலைப் பிரட்டு, பால் வாளி தூக்கி வந்த அம்மாக்கள், மரத்தடி முனியாண்டி கோயில். பல வீடுகளில் ஒரு பழுப்பேறிய கல்யாண புகைப்படத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புத் திட்டங்களாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. படம் எடுக்க இடமே இல்லை. நினைவிலிருந்துதான் வரைய வேண்டும். நினைவு வைத்திருப்பவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. யாராவது வந்து நம்மை வரைவார்கள் என்று காத்திருக்கலாமா, இல்லை நாமே செய்யலாமா?

நம் பாட்டன் பாட்டிகளும் ஒரு வகையில் செதுக்குபவர்கள்தான். பால்மரம் சீவும்போது கத்தி மேலோட்டமாகப் போனால் பால் சரியாக வராது. ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, பட்டை கரடுமுரடாக வளரும். சரியான ஆழத்தில், ஒரே சாய்வில், இருட்டு விலகும் முன்னே, நூற்றுக்கணக்கான மரங்களில் அந்தக் கோட்டைப் போட்டவர்கள் அவர்கள். லினோவில் உளி பிடிக்கும்போதும் இதே பாடம்தான்: ஆழம் அளவோடு, கை நிதானத்தோடு.

செய்முறைப் பயிற்சி (கிளைக் கூட்டத்துக்கு, 2 மணி நேரம்)

தேவை: உள்ளங்கை அளவு லினோ துண்டு அல்லது பெரிய அழிப்பான், லினோ உளி, நீரில் கரையும் அச்சு மை, சின்ன உருளை, தாள், ஒரு சாப்பாட்டுக் கரண்டி.

• வீட்டில் ஒரு பெரியவரிடம், "தோட்டத்தில் உங்களுக்கு மறக்கவே முடியாத ஒரு பொருள் எது?" என்று கேட்டு வாருங்கள். ஒரே ஒரு பொருள்.
• அதை வரையுங்கள். பிறகு பாதிக் கோடுகளை அழியுங்கள். இன்னும் அடையாளம் தெரிகிறதா? மறுபடி பாதியை அழியுங்கள். தெரியாமல் போகும்போது கடைசியாக அழித்ததைத் திரும்பப் போடுங்கள். அதுதான் உங்கள் படம்.
• எழுத்து இருந்தால் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போல எழுத வேண்டும்.
• லினோ கடினமாக இருந்தால் சற்று வெயிலில் வைத்தால் இளகும். உளி எப்போதும் உடலுக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். பிடிக்கும் கை உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு போதும், வெட்டித் தருவது பெரியவர்கள்.
• மையை மெல்லியதாகத் தடவி, தாளை வைத்து, கரண்டியின் அடிப்பக்கத்தால் சுற்றித் தேய்த்து எடுங்கள்.
• பத்துப் பிரதி எடுத்தால் கீழே பென்சிலால் 1/10, 2/10 என்று எண் போடுங்கள். அச்சோவியர்களின் வழக்கம் அது. முதல் பிரதி கதை சொன்ன பெரியவருக்கு.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை கோலாலம்பூர் துன் ரசாக் சாலைக்கு அருகே உள்ள தேசிய கலைக்கூடத்துக்குச் சேர்ந்து போய் வாருங்கள். ஒரு படத்தின் முன் குறைந்தது மூன்று நிமிடம் நில்லுங்கள். பேசாமல், போனை எடுக்காமல்.

கலந்துரையாட

1. 'பாபுஜி' படத்தில் நந்தலால் ஒரு கூட்டத்தையும் சேர்த்து வரைந்திருந்தால் என்ன மாறியிருக்கும்?
2. எளிமைக்கும் ஏழ்மைக்கும் என்ன வேறுபாடு? உங்கள் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள்.
3. நம் கிளையின் அடுத்த நிகழ்ச்சிப் பதாகையை ஒரே நிறத்தில், ஒரு படம், ஒரு வரியில் செய்ய வேண்டும். எதை வைப்பீர்கள்? அதைவிட முக்கியம், எதை விடுவீர்கள்? யார் முகத்தை விட்டால் யாருக்குக் கோபம் வரும்? அந்தக் கோபத்தை எப்படிச் சமாளிப்பீர்கள்?

மூன்றாவது கேள்விக்குக் கிளைத் தலைவர்களும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஓர் அச்சோடு வாங்க. சுவரில் வரிசையாக ஒட்டிப் பார்ப்போம்.